வடக்கு பார்த்த திரை

செல்போன் சர்வீஸ் கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த சகாக்களே, இந்தத் தொழிலில் உடைந்து வருவது திரை, உடைபடுவது நம் மண்டை. வயிறு வலிக்கச் சிரிக்க ஒன்று வைத்திருக்கிறேன்; ஆனால் இப்போதே தரமாட்டேன். முதலில் கொஞ்சம் அறிவியல்.

அதிகாரி பிறந்தார்

திரைக்குள் திரவப் படிகம் இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் குட்டிக் குட்டிக் குச்சிகள் மாதிரி. பலமான காந்தத்தைக் கொண்டுபோனால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். நிஜம். பூமியின் காந்தம் அதற்குப் போதவே போதாது. அதுவும் நிஜம்.

மலையூரான ஜமுனாமரத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும், எனக்கு வேலையும் கொடுத்திருக்கும் என் மாமாவுக்கு முதல் நிஜத்தை மட்டும் சொன்னேன். கடைக்குப் பின்னால் நின்று, நண்பன் போனில், மூக்கடைத்த கம்பெனி அதிகாரியின் குரலில்: "திரைகள் எப்போதும் வடக்கு நோக்கியே இருக்கட்டும் ஐயா, மூலக்கூறுகள் கலையாது." மாமா எழுந்து நின்றே பதில் சொன்னார்: "சரிங்க சார், இன்னிக்கே திருப்பிடறேங்க!"

கடை திரும்பியது

ஷோகேஸ் போன்கள் எல்லாம் வடக்கே திரும்பின. வந்தவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. திரை மாற்ற வந்த புதூர்நாட்டுக்காரர் ஒருவரிடம், "பேசும்போதும் வடக்கப் பாத்தே புடிங்க" என்றார் மாமா. நான் சிரிப்பை மறைக்க மேசைக்கடியில், விழாத ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதூர்நாட்டுக்காரர் கேட்டார்: "எங்க வூட்ல டவரே தெக்காலதான்யா கிடைக்குது. நான் பேசறதா, ஸ்கிரீனக் காப்பாத்தறதா?"

ஏணி

பள்ளிக்கூடத்தில் டிவி மாட்டும் வேலை வந்தது. இது ஒழுங்காக முடிந்தால் மலையிலுள்ள மற்ற பள்ளிகளும் மாமாவுக்கே. டீச்சர் காட்டிய கரும்பலகைச் சுவரில் ஏணி, ஏணியில் நான், இரண்டு கையிலும் டிவி.

கீழே மாமா, "வடக்கப் பாக்கணும் டீச்சர். தெக்குச் சுவத்துல மாட்டிடலாங்க."

"அங்க வாசல் இருக்குதே!"

"வாசல மாத்திட்டா போச்சுங்க."

"வேணாங்க. போளூர்லேர்ந்து வேற ஆளைக் கூப்டுக்கறேன்" என்று டீச்சர் போனை எடுத்தார். மாமாவின் முகம் தொங்கிவிட்டது. அவசரமாக அதிகாரிக்கு அடித்தார். "ஹலோ, சார்? சார்?"

எனக்கே பாவமாகிவிட்டது. "எந்தத் திசையானாலும் நல்லதுதான் ஐயா, மாட்டுங்கள்" என்றேன், மூக்கடைத்த குரலில்.

"தேங்க்ஸ் சார்" என்றார் மாமா. போனைப் பார்த்தார். டவரே இல்லை. மெதுவாக மேலே பார்த்தார்.

"டேய், ஆபீசரு எப்படா ஏணி ஏறுனாரு?"

டிவி கரும்பலகைச் சுவரிலேயே மாட்டியாயிற்று. பூமியின் காந்தம் ஒரு மூலக்கூறையும் அசைக்கவில்லை, மாமாவின் கைதான் என் காதைச் சரியாக வடக்கே திருப்பியது.