ஈயம் வார்த்த சொர்ணம் மதினி

ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன். உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அண்ணன் போனில், "ஏலே, உம் மதினி போயிட்டாடே" என்றான். அந்த நிமிஷமே குற்றால மலை ஓரடி கீழே உட்கார்ந்தது. நான் பார்த்தேன்.

அச்சன்புதூரில் வீச்சுவலை கட்டும் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் சொர்ணம் மதினி. வலை விளிம்பில் கோக்கும் ஈயக்குண்டுகளை அண்ணனும் நானும் வீட்டுக்குப் பின்னால் வார்ப்போம். இருந்தது ஒரே அச்சு. ஊற்றுவோம், ஆறும்வரை உலக அரசியல் பேசுவோம். வந்த மூன்றாம் நாள் மதினி எட்டிப் பார்த்தார்.

"ஒரு குண்டு ஆறுததுக்கு ரெண்டு ஆம்பள காவலா? ஏன் கொழுந்தனாரே, அது எந்திரிச்சு ஓடிருமா?"

அடுத்த வாரம் நான்கு அச்சுகள் வரிசையில் நின்றன. குளிர்ந்த அச்சில் குண்டு சொத்தையாகும் என்று அடுப்போரம் வைத்துச் சூடேற்றுவார். உருகிய ஈயத்தில் மெழுகுவத்தித் துண்டு போட்டு, மேலே திரளும் கசடை வழித்தெடுப்பார். நாலாவதை ஊற்றி முடிக்கும்போது முதலாவது ஆறியிருக்கும். தட்டு, ஊற்று, தட்டு, ஊற்று. அந்த வேகத்துக்குப் பயந்து ஆலங்குளத்து மீன்களெல்லாம் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வரிசையில் நின்றன. டோக்கன் கிழித்துக் கொடுத்தவன் நான்.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: ஈயத்துப் பக்கம் ஈரம் வரக்கூடாது. சாரல் அடித்தால் அடுப்பே பற்றவைக்க மாட்டார்.

ஒரு சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட பைக்கில் வந்திறங்கினேன். மறுநாள் வலை கொடுத்தாக வேண்டும். மதினி மும்முரமாக வார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க மதினி, நான் ஊத்துதேன் பாருங்க."

"கையத் தொடச்சீரா?"

கேட்டு முடிப்பதற்குள் ஈரக் கரண்டியை ஈயத்துக்குள் விட்டுவிட்டேன். வெடித்தது. அந்தச் சத்தத்தில் மலை யானைகள் குடும்பத்தோடு கேரளாவுக்குக் குடிபெயர்ந்தன. என் முகத்துக்கு நேரே சீறிய ஈயத்துக்குக் குறுக்கே மதினியின் இடது கை வந்தது. வெந்த கையைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டே மறு கையை நீட்டினார்.

"எத்தன விரலு?"

"ஏழு."

"அப்ப எப்பவும்போலத்தான் இருக்கீரு. ஓரமாப் போயி நில்லும், அச்சு ஆறுது."

நேற்று நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டிக் கிடத்தியபோது அந்த முன்கையைப் பார்த்தேன். நான்கு வெள்ளைத் தழும்புகள்.

மலையும் மீனும் யானையும் என் சரக்கு. அந்தக் கை குறுக்கே வந்தது மட்டும் நிஜம். இந்த வரிகளை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

போய் வாருங்கள், மதினி.