வாங்கில் எழுதிய குடை

2014 மார்ச் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண். ஐந்தரைக்குப் பஸ். ஆறு மணியிலிருந்து முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நாற்பத்திரண்டு விரிப்புகள் மடித்தேன்.

எங்கள் ஊர் சுவிஸின் தென்பகுதியில் ஒரு சிறிய மாவட்டத் தலைநகர். எழுத்தாளர்களைக் கொண்டாடும் ஊர். ஒரு கோடை மட்டும் அறை எடுத்துத் தங்கியவருக்கும் சுவரில் நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். அந்த வருடம், ஊரில் வசிப்பவர்கள் எழுதும் வரிகளைச் சதுக்கத்தில் ஆட்கள் உட்காரும் வாங்குகளில் பொறிக்கப்போவதாக நகரசபை அறிவித்தது. நானும் அனுப்பினேன். பதினைந்து வருடமாக ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். தெரிவானதோ இல்லத்துச் சமையலறையில் வேலைசெய்யும் பெண் எழுதியது. என்னிலும் இளையவள். சாமான் பட்டியல் தவிர அவள் எதையும் எழுதி நான் கண்டதில்லை.

பத்து மணி இடைவேளையில் வாசித்துக் காட்டினாள். 2009 நவம்பர் 3, இந்த ஊரில் அவளுடைய முதல் காலை. பஸ் தரிப்பிடத்தில் மழையில் நின்றவளுக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் பேசாமல் வந்து குடை பிடித்தாள். நான்கே வரி. நன்றாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடை பிடித்தது யார் என்று கேட்டேன்.

"தெரியாதக்கா. இருட்டு. நானும் குளிரிலை குனிஞ்சபடி நிண்டனான். சிலவேளை நீங்களோ எண்டு நினைக்கிறனான். நீங்களும் அந்தப் பஸ்ஸிலைதானே போறனீங்கள்."

"ஓம், நான்தான்."

சொன்ன நேரத்தில் நானே அதை நம்பினேன். வாங்கில் எனக்கும் ஓர் ஓரம் கிடைத்ததுபோல் இருந்தது.

"அப்ப சனிக்கிழமை வாங்கு திறக்கேக்கை என்ரை பக்கத்திலை நில்லுங்கோ. எல்லாருக்கும் சொல்லப்போறன்" என்றாள்.

மாலையில் 2009ஆம் ஆண்டு நாட்குறிப்புக் கொப்பியை எடுத்தேன், அவளுக்குக் காட்டத்தான். நவம்பர் 3: 'மழை. தரிப்பிடத்தில் புதிதாக ஒரு தமிழ்ப் பிள்ளை நனைந்துகொண்டு நின்றாள். என் குடை சிறியது. தள்ளி நின்றேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அவளுக்குக் குடை பிடித்தாள். பஸ் நான்கு நிமிடம் பிந்தியது.'

என் கையெழுத்துத்தான். பஸ் பிந்திய நிமிடங்களைக்கூட எண்ணி எழுதியிருக்கிறேன். இந்தப் பக்கத்தை என்னைத் தவிர எவரும் பார்க்கப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. கொப்பியை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை, கோட்டைக் கழற்றுமுன் சமையலறைக்குப் போய், அந்தக் குடை என்னுடையது இல்லை என்று அவளிடம் சொன்னேன்.