பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கனெக்‌ஷன்

இன்டர்நெட் லைன் கொடுக்கிற தொழிலில் முதலில் பழக வேண்டியது கம்பம் ஏறுவதோ ஒயர் ஒட்டுவதோ இல்லை; "உங்க ஏரியாவுக்கு இன்னும் வரலைங்க" என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்வதுதான். திண்டிவனத்தில் வீடு, விக்கிரவாண்டியில் கடை என்று தினமும் பஸ்ஸில் போய்வருகிற நான் அதை நன்றாகவே பழகியிருந்தேன். திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன உங்களுக்கு, அப்படிச் சொன்ன சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொண்ட ஒரே வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கைவிரித்தவர்களில் நானும் ஒருத்தி

ஒரு நாள் தனபால் என்ற விவசாயி கடைக்கு வந்தார். பனமலை ஏரியைத் தாண்டி, சொந்த நிலத்துக்கு நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறவர். வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கிற எங்கள் கடைசிப் பெட்டி பனமலைத் தெருக்கோடியில் இருந்தது. அதற்கு அப்பால் ஏரி, கரும்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, அவ்வளவுதான். செல்போன் சிக்னலும் அந்த வீட்டில் நிற்காது. விழுப்புரம் வரைக்கும் போய் விசாரித்து, எல்லோரும் கைவிரித்த பிறகு என்னிடம் வந்திருந்தார். நானும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

அவர் எழுந்து போகவில்லை. மகனுக்கும் மருமகளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது என்றார். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்களாம். மகன் முரளி மலேசியாவில் மரச்சாமான் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மருமகள் சுதா கைக்குழந்தையோடு இவர்களுடன் இருக்கிறாள். இருவரும் பேசுவது சைகையில், அதாவது வீடியோ காலில் மட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மத்தவங்களுக்கு நெட்டு போனா படம்தாம்மா போவும். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குப் பேச்சே போய்டுது."

பாதியில் நின்ற கை

அதற்குமேல் கடையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. என்னிடம் லைன்மேனாக இருக்கும் ஏழுமலையைக் கூட்டிக்கொண்டு இடத்தைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் போகும் முன்பே ஏரிக்கரையில் சுதாவைப் பார்த்துவிட்டோம். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்குமாம். ஒரு வேப்பமரக் கிளை இடுக்கில் போனைச் செருகிவைத்து, குழந்தையை இடுப்பில் சேலையால் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பேசிக்கொண்டிருந்தாள். திரையில் முரளி எதையோ சொல்லக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. சுதா காத்திருந்தாள். படம் திரும்ப வந்தபோது அவன் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

வீடியோ கால் துண்டானதும் அவள் எங்களைக் கவனித்தாள். நாங்கள் யார் என்று எழுதிக் காட்டினேன். மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாமே என்றும், யோசிக்காமல், எழுதிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே போனில் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்: "எழுதினா அது லெட்டர் மாதிரி இருக்கு அக்கா. அவர் கை பாதியில நின்னா மீதிய நானே கற்பனை பண்ணிக்கிறேன். எங்க சண்டை பாதி அதனாலதான் வருது."

நாலு பேருக்குத் தெரியணும்

ஒயர் இல்லாமல் முடிகிறதா என்று முதலில் முயன்றோம். பனமலைத் தெருவில் ஒரு மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து, தனபால் வீட்டுக் கூரையில் இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தோம். நடுவே மலை மறைத்தது. மலைமேல் கோயில் கொண்டிருக்கும் சாமியை நகரச் சொல்ல முடியாது. ஒயர்தான் வழி, அதுவும் பக்கத்து நிலத்தின் வழியாகத்தான் என்று ஆனது. அந்த நிலம் கன்னியப்பனுடையது. ஒரு வரப்புத் தகராறில் அவரும் தனபாலும் பேச்சை விட்ட வருஷம் பிறந்த கன்னுக்குட்டியெல்லாம் கிழமாகியிருக்கும் என்றான் ஏழுமலை.

கன்னியப்பனைப் பார்க்கப் போனேன். தனபால் பெயரைச் சொன்னதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒயர் தொங்கினால் டிராக்டரில் மாட்டும், புதைத்தால் எலி கடிக்கும் என்று காரணங்களை அடுக்கினார். நான் சுதாவைப் பற்றிச் சொன்னேன். ஏரிக்கரையில் அவள் நிற்பதைத் தானும் பார்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுத் தாடையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, லைனைப் பிரிக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும் என்றீர்களே, அதை எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள் என்று கேட்டார். எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்றேன். உங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் தருகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்போ என் வூட்டுச் சொவுத்துல மாட்டு. தனபாலுக்கு நெட்டு என் வூட்டுலருந்துதான் போவுதுன்னு நாலு பேருக்குத் தெரியணும், எனக்கு அவ்ளோதான்."

இதைத் தனபாலிடம் எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். அவர் கன்னியப்பன் நிலத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். உள்ளே குழந்தை சிணுங்கியது. "போவட்டும்மா. எனக்கு எங்கேருந்து வந்தா இன்னா, வந்தா போதும்."

சவுக்குக் கம்பம்

வேலை மளமளவென்று நடந்தது. கன்னியப்பன் சுவரில் பெட்டி ஏறியது. அங்கிருந்து பனைமரங்களைப் பிடித்துக்கொண்டே ஒயர் தனபால் வீட்டை நெருங்கியது. அன்று சாயங்காலமே பேசிவிடலாம் என்று முரளிக்கு மெசேஜ் போடச் சொல்லி சுதாவிடம் எழுதியும் காட்டிவிட்டேன். அதன்பிறகுதான் ஒரு கரும்பு டிராக்டர் வந்தது. லோடு அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது. வண்டிப்பாதையின் குறுக்கே போன ஒயரை வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. ஏழுமலை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு சுதாவின் முகத்தைப் பார்க்கவே தெம்பில்லை.

சத்தம் கேட்டு வந்த கன்னியப்பன் அறுந்து கிடந்த ஒயரைப் பார்த்தார். திரும்பிப் போய், தோப்பிலிருந்து நெடிய சவுக்குக் கம்பம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். டிராக்டர் தொட முடியாத உயரத்துக்கு ஒயரைத் தூக்க வேண்டும் என்றார். அதற்குள் தனபாலும் கடப்பாரையோடு வந்துவிட்டார். ஒருவர் குழி வெட்ட, ஒருவர் கம்பத்தைப் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே குழிக்கு இரண்டு பக்கம் நின்றார்கள். பேச்சு மட்டும் நடுவில் நின்ற ஏழுமலை வழியாகத்தான் போய்வந்தது. "ஏழுமலை, அவர இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டச் சொல்லுப்பா, காத்துக்குச் சாயும்" என்றார் கன்னியப்பன். தனபால் நிமிராமலே பதில் சொன்னார்: "ஏழுமலை, வெட்டிக்கினுதான் இருக்கேன்னு சொல்லு."

பச்சை விளக்கு

புது ஒயர் இழுத்து ஒட்டி முடித்தபோது வெயில் தணிந்திருந்தது. ரவுட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு பச்சையாகி, அப்படியே நின்றது. சுதா போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்தாள். முரளி வந்தான். அவன் பின்னால் சுவரில் தொங்கிய சட்டையின் கோடுகள் வரை தெளிவாகத் தெரிந்தன. அவன் ஏதோ சொன்னான், கை எங்கேயும் நிற்கவில்லை. சுதா குழந்தையைத் தரையில் விட்டாள். அது போனைப் பார்த்துத் தவழ்ந்து போனது. தன்னை நோக்கிக் குழந்தை நகர்ந்து வருவதை அவன் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஏழுமலை வெளியே போய்த் தேவையே இல்லாமல் ஒயரைச் சரிபார்த்தான். நான் உள்ளேயே நின்று, மறைக்காமல் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் கைகள் வேகமெடுத்தன. சுதாவின் புருவம் ஏறியது. அவன் மறுத்துத் தலையாட்டினான். அவள் விரலை நீட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற அவள் மாமியார் அஞ்சலையிடம் கேட்டேன். அந்த அம்மா ரொம்ப நிறைவாக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்: "ஆரம்பிச்சிட்டாங்க. இத்தினி மாசமா சேத்துவெச்ச சண்டை, இப்போதைக்கு முடியாது. இன்னிக்கிச் சோறு நான்தான் ஆக்கணும்."

எங்கள் தொழிலில் லைன் போனால்தான் போன் வரும், நன்றி சொல்வதற்கென்று யாரும் செய்வதில்லை என்பதால், அந்த வீட்டிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு போன்கூட வராததையே நான் பெரிய விருதாக நினைத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.