அக்காவுக்கு முன் என் முறை

எனக்கும் அக்காவுக்கும் ஈரலில் ஒரே கிருமி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது. நான் இளவயதிலேயே ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது செய்த இரத்தப் பரிசோதனையில் அது அகப்பட்டது. அன்றிலிருந்து வருடந்தோறும் பார்த்து வருகிறார்கள். அக்காவோ, படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டாள். கலியாணமாகி இங்கே பீலெஃபெல்ட் நகரத்துக்கு வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தாள். பிள்ளைகள் இல்லை. சோதித்துப் பார்க்கச் சொல்லி நான் பலமுறை கேட்டும், தனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லையென்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள்.

களைத்துக் களைத்துப் படுக்கத் தொடங்கியபிறகுதான் வைத்தியரிடம் போனாள். கிருமி அவளுக்கும் இருந்தது. ஈரல் வைத்தியரிடம் இருவருக்கும் ஒரே காலையில் நேரம் கேட்டுத் தெர்மின் எடுத்தேன். அவளுக்கு மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டுமே.

வெறும் வயிற்றுடன் போனோம். முதலில் நான் படுத்தேன். வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கிவைக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்தார் வைத்தியர். விரலால் சுண்டினாற்போல் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். அந்த அதிர்வு ஈரலுக்குள் ஓடும் வேகத்தைக் கருவி அளக்கும். இறுகிய ஈரலில் அது விரைந்தோடுமாம். என்னுடையது நல்ல மிருதுவாக இருக்கிறது என்றார்.

அக்கா கட்டிலில் ஏறும்போது நான் வெளியே போய்க் கணவருக்கு ஃபோன் எடுத்தேன். சிரித்துச் சிரித்துக் கதைத்தேன். பின்னேரம் எங்காவது போய்ச் சாப்பிடலாம் என்றுகூடச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வைத்தியர் மறுபடி மறுபடி அளந்துகொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து நிறையச் சொன்னார். நான் அக்காவிடம், "ஈரல் கொஞ்சம் இறுகிப் போச்சாம்" என்றேன். தான் சொன்ன அத்தனைக்கும் இவ்வளவுதானா தமிழ் என்று வைத்தியர் கேட்டார். அக்காவும் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"கொஞ்சமில்லை அக்கா. தழும்பேறி நல்லாய் இறுகிப் போச்சாம். இனி ஒவ்வொரு நாளும் மருந்துக் குளிசை போடவேணும்."

அவள் சட்டையை இழுத்துவிட்டபடி கேட்டாள். "உனக்கு?"

"எனக்கு ஒண்டுமில்லை."

"நல்லது. ரெண்டு பேரும் படுத்தால் ஆர் ஆரைக் கூட்டிக்கொண்டு வாறது?"

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க ஏலாமல் போனது. வீடு வரும்வரை பஸ்ஸில் யன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே சாப்பிடப் போகவில்லை. கணவரிடம் காரணமும் சொல்லவில்லை.

அக்கா குளிசையை ஒழுங்காகப் போடுகிறாள். புற்றுநோய் வந்திருக்கிறதா என்று அரை வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்கிறார்கள். இம்முறை அளந்தபோது ஈரல் சற்று இளகியிருந்தது, வைத்தியருக்கே சந்தோஷம். அடுத்துப் படுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அக்கா என் கைப்பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். என் அளவும் நன்றாக இருக்கவேண்டுமென்று அவள் வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிடுவது எனக்குக் கேட்டது. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.