எல் ஆல்டோவுக்கு நண்பகல் நடை

தாமசா தார்கி, கீழே லா பாஸ் நகரத்தில் காய்கறி விற்பவள். வீடு மேலே எல் ஆல்டோவில். புருஷன் ஃபெர்மீன் மினிபஸ் ஓட்டியவன். உட்கார்ந்து சாப்பிட அவனுக்கு என்றைக்குமே நேரம் கிடையாது. "ஒரு நடை அடிச்சிட்டு வந்துடறேன்" என்பான். அவள் திட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகச் சாப்பாட்டை நீட்டுவாள். மார்ச் மாதம் மலைச்சாலையில் பிரேக் போய் அவன் செத்த பிறகு, அவள் மினிபஸ்ஸில் கால் வைக்கவில்லை. போக வர ரோப் கார்தான்.

இன்று நவம்பர் முதல் தேதி. செத்தவர்கள் நண்பகலில் வீடு திரும்பும் நாள். அதற்குள் மேசையில் படையல் இருந்தாக வேண்டும். ஃபெர்மீனுக்கு இது முதல் வருகை வேறு. அவனுக்கென்று முகம் பதித்துச் சுட்ட ரொட்டி இப்போதுதான் கீழே நகரத்து பேக்கரி அடுப்பிலிருந்து கைக்கு வந்தது. பார்த்தால், காற்றுக்குப் பயந்து ரோப் காரை நிறுத்திவிட்டார்கள். மனுஷன் வந்து வெறும் மேசையைப் பார்த்துவிட்டுப் பசியோடு போனால்?

மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மினிபஸ் வந்து நின்றது. ஊர் பேரைக் கூவ ஆளில்லை. வேறு வழியில்லாமல் ஏறினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்."

பதில் இல்லை. இந்த ஊரில் கொலைகாரன்கூட, வண்டியில் ஏறுகிறவளுக்குப் பதில் வணக்கம் சொல்லிவிடுவான்.

"என்ன, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா?"

யாரும் திரும்பவில்லை. எல்லோரும் நல்ல உடுப்பில் இருந்தார்கள். ஒருவர் கையிலும் பையில்லை. அந்தக் குளிரில் அவள் மூச்சு மட்டும்தான் புகைந்தது. இறங்கிவிடலாமா என்று கதவுப் பக்கம் கையை நீட்டினாள். ஆனாலும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே. ரொட்டியை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

மேலே ஏறியதும், சாவு விழுந்த வீடென்று கறுப்புத் துணி கட்டிய வாசல்களில் மட்டும் வண்டி நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் அவள் வாசல் வந்தது. அப்போதுதான் ஓட்டுநரின் கழுத்தைக் கவனித்தாள். அவள் பின்னிய மஃப்ளர். அவனோடு புதைத்தது.

"எறங்குய்யா, வீடு வந்தாச்சு."

"கீழ இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க, தாமசா. ஒரு நடை அடிச்சிட்டு வந்துடறேன்."

"செத்தும் திருந்தலையா நீ?" குரல் உடைந்துவிட்டது. இறங்கிச் சுற்றி வந்து, ஜன்னல் வழியாக ரொட்டியை நீட்டினாள். வாங்கிய விரல்கள் ஜில்லென்றிருந்தன.

கோயில் மணி நண்பகலை அடித்தது. வண்டி மறுபடி மூடுபனிக்குள் இறங்கிப் போனது. அவள் உள்ளே போய் சூப்பைச் சுடவைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.