பேர் பதியும் இடம்

முன்காம்பராவில் ஏதோ ‘தொம்’மென்று தரையில் விழுந்தது.

அடுப்படியில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிர்ந்தாள். இரும்புச் சத்தம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான அந்த லயத்துக் காம்பராவில் இரும்பு என்றால் பரணில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்றுதான். அவளுடைய மாமனார் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது தலையில் சுமந்து வந்த பெட்டி. அதை இப்போது எதற்காக இறக்குகிறார்கள்?

ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, சாக்குத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

“ரெண்டு இடத்துல ஒண்ண முடிவு பண்ணிரணும் தம்பி,” என்றது ஒரு கனத்த குரல். “இழுத்தடிச்சா நமக்குத்தான் நட்டம். ஊரே பேர் பதியுது.”

“அதாண்ணே ஒரே ரோசனையா இருக்கு.” இது அவள் புருஷன் செல்லசாமி.

“ஒரு போட்டோ மட்டும் எடுத்துக் குடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“லெட்சுமிக்குத் தெரிய வேணாண்ணே. பதிஞ்ச பெறகு நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்.”

நாகலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டன என்ற செய்தி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் ‘பேர் பதிவது’ என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். இந்தியாவா, இலங்கையா? கொழுந்து பறிக்கும் மலையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கோயில் வாசலில், எங்கே நாலு பேர் கூடினாலும் அதே பேச்சு. பக்கத்துக் காம்பரா ராக்காயி, தான் பார்த்தேயிராத ஊருக்குப் போகப் போகிறோம் என்று தினமும் அழுதாள். அந்த அழுகை சுவரைத் தாண்டி வரும்போதெல்லாம், ‘நம்ம வீட்டில் அப்படி நடக்காது’ என்று நாகலெட்சுமி தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்வாள். லயத்துக்குக் கீழே கொய்யா மரத்தடியில் அவளுடைய முதல் பிள்ளை மீனம்மா படுத்திருக்கிறாள். நடை பழகும் முன்பே போய்விட்ட பிள்ளை. அவளை அந்தக் குளிரில் தனியாக விட்டுவிட்டு எந்தக் கப்பலில் ஏறுவது?

தேத்தண்ணியை ஊற்றினாள். இரண்டு கோப்பைகளையும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள். தேத்தண்ணி தளும்பி விரலைச் சுட்டது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

வந்திருந்தவர் அகன்ற மார்புக்காரர். சட்டைப் பொத்தான்கள் இப்போதோ அப்போதோ தெறித்துவிடும் போலிருந்தன. செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

“நீங்க எங்க வேணும்னாலும் பேர் பதிஞ்சுக்கங்க,” என்றாள் அவள், புருஷனைப் பார்க்காமல். “நான் வர மாட்டேன். எம் புள்ளைய விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்.”

செல்லசாமி திருதிருவென்று விழித்தான். வந்தவரும் விழித்தார். பிறகு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“தங்கச்சி, நீ வந்தா நாங்கதான் ஓடணும். அது ஆம்பளைக தண்டால் எடுக்கிற எடம்மா.”

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். பெட்டி பரணிலேயே இருந்தது. கீழே கிடந்தது இரு முனையிலும் குண்டு வைத்த ஒரு குட்டை இரும்பு. வந்தவர் பொன்னையா, ஹட்டன் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்பவர். கடைக்குப் பின்னால் பெரிய கண்ணாடியெல்லாம் மாட்டி ஒரு தேகப்பயிற்சிச் சாலை நடத்துகிறார். அதில் சேர்ந்து உடம்பைத் தேற்றத்தான் செல்லசாமி அவரை வரச் சொல்லியிருந்தான்.

நாகலெட்சுமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம்?”

செல்லசாமி நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

“போன மழைக்கு நெஞ்சுச் சளி வந்து படுத்தேன்ல. அதுலருந்து கவ்வாத்துல என் நெரைய முடிக்க முடியல புள்ள. செடி வெட்ட வெட்ட மூச்சு வாங்குது. கணக்கப்புள்ள அரைப்பேருதான் போடுறாரு. கங்காணி மலையில வெச்சு, ‘அரைப்பேரு, இங்க வாடா’ன்னு கூப்புடுறாரு. எம் பேரே அதாப் போச்சு.”

அரை நாள் வேலைதான் செய்தான் என்று கணக்குச் சீட்டில் எழுதுவது அரைப்பேர். ஒரு மனுஷனையே பாதியாக நறுக்கிவிடும் சொல் அது.

“அதுகூடப் பரவால்ல,” என்று அவன் குரல் கம்மியது. “அரைப்பேர்க்காரங்களத்தான் தோட்டத்துத் தொரை மொதல்ல கப்பலுக்கு அனுப்புவாருன்னு பேசிக்கிறாங்க. நானும் மீனம்மாவ விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதான் லெட்சுமி...”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“சரி. ரெண்டு எடம்னீங்களே, இன்னொண்ணு எது?”

“றொசல்லையில ஒண்ணு,” என்றான் அவன். “ரயில் ரோட்டுல வேல செய்யுற நல்லமுத்து நடத்துறாரு. டேசனுக்குப் பின்னால வெறும் கொட்டகை.”

“அங்க என்ன இருக்கு?” என்று பொன்னையா உதட்டைப் பிதுக்கினார். “கண்ணாடி உண்டா, இரும்பு உண்டா? போனதும் மாசக்கணக்கா நடக்கவும் குந்தி எந்திரிக்கவும் விடுவான். நம்ம சாலையில சேந்தா முத்திரை குத்துன சர்டிபிகேட்டு தருவேன். தொரைகிட்டக் காட்டு. இவன் பலசாலின்னு தெரிஞ்சா யாரு அனுப்பப் போறா?”

செல்லசாமியின் மனம் சர்டிபிகேட்டு என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். முங்குகிறவனுக்குக் கயிற்றைக் காட்டியது போல அவன் முகம் மலர்ந்தது.

“ஏண்ணே, நெஞ்சு பலமில்லாத ஆளு இந்த இரும்பத் தூக்கலாமா?”

“மூச்ச அடக்கித் தூக்கணும். போகப் போகச் சரியாயிரும்.”

“சர்டிபிகேட்டு செடிய வெட்டுமாண்ணே?”

பொன்னையா மறுபடி சிரித்தார். இந்தமுறை சிரிப்பில் சத்தம் குறைவாக இருந்தது. அவரை மனம் நோகச் செய்துவிட்டோமோ என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது. பேச்சை மாற்ற, மரியாதைக்காக ஒன்று கேட்டாள்.

“நீங்க எப்பண்ணே பேர் பதிஞ்சீங்க?”

எத்தனை வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தீர்கள் என்பதுதான் அவள் கேட்டது. வேறொன்றும் அவள் மனதில் இல்லை.

பொன்னையாவின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. அந்த மலை போன்ற மனிதரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“ஒனக்கு யாரு தங்கச்சி சொன்னது?” என்றார் மெல்ல. “கண்டிக்குப் போய்ப் பதிஞ்சது எங்க மொதலாளிக்கே தெரியாதே.”

“நான் தேகப்பயிற்சியக் கேட்டேண்ணே,” என்றாள் நாகலெட்சுமி.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நீங்க இந்தியாவுக்குப் போறீங்களாண்ணே?” செல்லசாமியின் குரலில் கோபத்தைவிடத் தவிப்பே அதிகமிருந்தது. “அப்ப என்னைய எதுக்குச் சேரச் சொன்னீங்க?”

“ஏமாத்த வரல தம்பி. சாமி சத்தியமா இல்ல. பொஞ்சாதி வீட்டு ஆளுக எல்லாரும் போறாங்க. அவளும் புள்ளைகளும் ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. எத்தனையோ பாரத்தத் தூக்குன கை இது. கண்டியில அந்தக் கையெழுத்தப் போடத்தான் வெலவெலத்துப் போச்சு.” அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சாலையச் சும்மா சாத்திட்டுப் போக மனசு கேக்கல. ஆளு நெறையச் சேந்திருந்தா, எவனாச்சும் எடுத்து நடத்துவான்னு நெனச்சேன். அதுக்குத்தான் தோட்டந்தோட்டமா அலையிறேன்.”

“அந்த சர்டிபிகேட்டு?” என்றாள் அவள்.

“தொரை அதப் பாத்து ஒருத்தன நிறுத்துவாருன்னா, மொதல்ல எனக்கே ஒண்ணு எழுதியிருப்பேன்ல தங்கச்சி.”

பக்கத்துக் காம்பராவில் ராக்காயி மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. செல்லசாமி மனைவியைப் பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு அவன் தலை நிமிர்ந்திருந்தது.

“நான் றொசல்லைக்கே போறேண்ணே. மொதல்ல நடக்கப் பழகுறேன்.”

“போ தம்பி. நல்லமுத்து நல்லவன். போட்டிக்காரன்னு அவனப் பத்தி ஏதேதோ சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத.”

பொன்னையா எழுந்தார். இரும்பைக் கையில் எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அதைச் சுவரோரம் பிள்ளையைப் படுக்க வைப்பது போலச் சத்தமில்லாமல் வைத்தார்.

“இது இங்கயே கெடக்கட்டும். மூச்சு நல்லான பெறகு தூக்கு. என்னோட கப்பல்ல வந்து இதுக்கு என்ன ஆகப்போகுது?”

“சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே,” என்றாள் நாகலெட்சுமி. அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

வெளியே பனி இறங்கியிருந்தது. முன் திண்ணையான இஸ்தோப்பைக் கடந்து, கொய்யா மரத்தடியைச் சுற்றிக்கொண்டு இறங்கும் பாதையில் அந்த அகன்ற முதுகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அது முழுதாக மறையும்வரை அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே செல்லசாமி இருமினான். குளிர்காற்று அவன் நெஞ்சில் படாதபடி, நாகலெட்சுமி கதவை இழுத்துச் சாத்தினாள்.