வெள்ளையடித்த காடு

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் லீவு கேட்டு எழுதியவைதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவன் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பது எனக்கே சரியாகப் படவில்லை. ஆனால் அந்தக் காட்டில் வேலை செய்தவர்களில் வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காடு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கள்ளிக்குப்பத்தைத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் கிடந்த அரசாங்கத் தரிசு அது. ஒரு பாதியில் வேம்பு, நுணா, நாவல், வெப்பாலை என்று மரங்கள் நெருக்கமாக நிற்கும். மறுபாதி செம்மண் மேடு. காரையும் சூரையும் களாவும் முட்புதராக மண்டி, நடுவில் காய்ந்த புல் இருக்கும். கௌதாரி உண்டு, கீரி உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். இங்கே மட்டும் வந்து சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடி அங்கே சீமைக்கருவேலத்தை வேரோடு தோண்டிப் போடுவோம். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் பொறுக்குவோம். ஆடு மேய்க்க வருபவர்களிடம் சின்னக் கன்றுகளைக் காட்டிக் கெஞ்சுவோம். எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. தலைவர் மட்டும் இருந்தார். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போர்மேன் சார் என்றே கூப்பிடுவோம். கருவேலம் தோண்டுவதற்குக்கூட எங்களை வரிசையில் நிற்க வைப்பார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் மரம் இல்லை. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் போல்ட், நட்டு பேக்கிங் வேலை எனக்கு. தம்பி குடும்பத்தோடு ஒற்றை அறை வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் உறவுக்காரர்கள் வருவார்கள். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று என்னிடமே கேட்பார்கள். எங்கள் தெருவில் இருந்த ஆட்டோக்காரர் ஒரு நாள், "ஊட்ல குந்தினு இன்னா பண்ற? கடப்பாரை புடிக்கத் தெரியும் இல்ல? வா" என்று அழைத்துப் போனார். அவரை எல்லோரும் அண்ணாத்தே என்போம். காட்டில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர் தோண்டுவார், நானும் தோண்டுவேன். ஆனால் ஒரு வாரம் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பேசாமலே ஒரு கூட்டத்தில் இருக்கலாம் என்பதை நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் போயின.

அந்த இடத்தையும் மனைக்காரர்கள் அரசாங்கத்திடம் கேட்டுவிட்டார்கள் என்று ஒரு நாள் டீச்சரம்மா வந்து சொன்னார். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துபவர். எங்களில் படித்தவர் அவர்தான். அவரே மனு போட்டு அலைந்ததில், காட்டிலாகா அதிகாரி ஒருவர் திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடானது. இயற்கைக் காடு என்று அவர் எழுதினால் இலாகா எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் மனை. இவ்வளவையும் சொல்லிவிட்டு டீச்சரம்மா தங்கை மகள் கல்யாணத்துக்கு வேலூர் போய்விட்டார்.

"இன்ஸ்பெக்‌ஷன்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் போர்மேன் சார். "முப்பது வருஷம் பார்த்தவன்யா நான்."

உண்மையிலேயே அவருக்குத் தெரியும். ஆவடிப் பக்கம் பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முதலில் பெருக்குவார்கள். பிறகு சுண்ணாம்பு அடிப்பார்கள். கல்லோ மரமோ, நகராமல் நிற்கிற எதுவாக இருந்தாலும் இடுப்பளவு வெள்ளை, மேலே ஒரு பட்டை காவி. நாங்கள் எல்லோருமே அந்தச் சாலைகளில் போய் வந்து வளர்ந்தவர்கள். அதனால் யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை. பூந்தமல்லியில் பெயின்ட் கடை வைத்திருந்த பாய் எங்களோடு வருவார். சுண்ணாம்பும் காவியும் அவருடையது. "நம்ம காட்டுக்கு இல்லாததா?" என்று மூட்டையை அண்ணாத்தேயின் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். முதலில் மரங்களுக்கு அடியில் கிடந்த சருகு முழுவதையும் பெருக்கி ஓரமாகக் குவித்தோம். எத்தனை வருஷத்துச் சருகோ, கீழே போகப் போக கறுப்பு மண்ணாக வந்தது. அதையும் பெருக்கினோம். காய்ந்து தொங்கிய கிளைகளை வெட்டினோம். பிறகு வெள்ளை. காவிப் பட்டை ஒரே மட்டத்தில் வர வேண்டும் என்று போர்மேன் சார் நூல் பிடித்துக் காட்டினார். பொழுது சாயும்போது திரும்பிப் பார்த்தோம். மரங்கள் அணிவகுத்து நின்றன. பாய் கண் கலங்கிவிட்டார். முட்புதர் மேட்டுக்குப் போக மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அது எங்களுக்குக் கொஞ்சம் குறையாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சரம்மா கல்யாணப் புடவையோடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்தார். வந்தவர் ஒரு மரத்தின் வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யார் இதைச் செஞ்சது?"

"எல்லாரும்தாம்மா" என்றார் போர்மேன் சார். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தார்.

"சார், இது காடுன்னு சொல்லித்தானே அவரைக் கூப்பிட்டிருக்கேன்? இதைப் பார்த்தா யாராவது காடுன்னு எழுதுவாங்களா? கலெக்டர் பங்களா மாதிரி இருக்கு!"

மனை என்றால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

உடனே கழுவ ஆரம்பித்தோம். ஏரியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, தேங்காய் நாரால் தேய்த்தோம். சுண்ணாம்பு போகவில்லை, பரவியது. தேய்க்கத் தேய்க்கக் கிளை பிரிகிற இடம் வரை வெள்ளையாயிற்று.

"நேத்து இடுப்பு வரிக்கும் வேட்டி கட்டினு நின்னுச்சு" என்றார் அண்ணாத்தே. "இப்போ சட்டையும் போட்டுகினு கீது. இன்னும் ரெண்டு கொடம் ஊத்துனா தொப்பி வெச்சுக்கும் நைனா."

"சும்மா இருய்யா" என்றார் போர்மேன் சார். முகமே செத்துப்போயிருந்தது.

மேட்டிலிருந்து செம்மண் எடுத்துக் குழைத்துப் பூசலாம் என்று சொன்னது பாய். பூசினோம். சருகைக் கூடையில் அள்ளிப் பழைய இடத்தில் கொட்டினோம். போர்மேன் சார் எங்களை வரிசையாக நிற்க வைத்து, எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் விழும்படி கொட்டச் சொன்னார்.

"சார், கோரைப்பாய் விரிச்ச மாதிரி இருக்கு" என்றார் டீச்சரம்மா. "தாறுமாறாப் போடுங்க."

"தாறுமாறான்னா எப்படிம்மா?" என்று கேட்டார் அவர். தெரியாமல்தான் கேட்டார். கடைசியில் அண்ணாத்தே காலால் உதைத்துக் காட்டினார். போர்மேன் சாரும் ஒரு உதை உதைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒல்லியானவர், சிரிக்காதவர். மரங்களுக்கு நடுவில் மெதுவாக நடந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். ஒரு வேம்பின் முன்னால் நின்றார்.

"கரையான் மண்ணு ஏகப்பட்டது இருக்கே. எல்லா மரத்துலயும் ஏறியிருக்கு."

"ஆமா சார்" என்றார் போர்மேன் சார். "எல்லாம் இயற்கையா வந்தது சார்."

அதிகாரி நகத்தால் சுரண்டினார். செம்மண் உதிர்ந்தது. அடியில் வெள்ளை. இன்னும் கொஞ்சம் மேலே சுரண்டினார். காவி.

"உங்க ஊர் கரையான் சுண்ணாம்பு அடிக்குமா?"

அண்ணாத்தே பாய்க்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். டீச்சரம்மா தரையைப் பார்த்தார். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார். என் காக்கிச் சட்டையில் அப்போதும் சுண்ணாம்பு இருந்தது.

"மரம் தானா வந்தது சார்" என்றேன். "வெள்ளை மட்டும்தான் நாங்க. நீங்க வர்றீங்கன்னு."

அங்கே நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் குரல் அவருக்குப் புதிது என்று நினைக்கிறேன்.

அதிகாரி முட்புதர் மேட்டுக்குள் நுழைந்தார். எங்களை வர வேண்டாம் என்று கை காட்டினார். வெகுநேரம் வரவில்லை. ஒரு தடவை கௌதாரிகள் இரைச்சலோடு எழும்பிப் பறந்தன. திரும்பி வந்தபோது பேன்ட் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கையில் முள் கீறி ரத்தம். முதல் தடவையாக முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"அந்தப் பக்கம் நீங்க ஒண்ணும் பண்ணலையா?"

"நேரம் கிடைக்கலை சார்" என்றார் போர்மேன் சார், தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லது" என்றார் அதிகாரி. ஜீப்பில் ஏறிக்கொண்டு, "காடுன்னு எழுதறேன். மொத்தத்தையும். இனிமே யாரும் இதைத் தொட வேண்டாம்" என்றார்.

நாங்கள் கை தட்டினோம். டீச்சரம்மா அழுதுவிட்டார். பாய் எல்லோருக்கும் டீயும் பொறை ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். போர்மேன் சார் என் தோளைத் தட்டி, "பேசுவியாய்யா நீ?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கத்துக் கருவேலத்தை முடித்துவிட வேண்டும் என்று பேசிக்கொண்டே கலைந்தோம்.

மறுநாள் காட்டிலாகா ஆட்கள் இரண்டு பேர் வந்து, நாங்கள் உள்ளே போகும் வழியில் முள்கம்பி இழுத்து, தகரப் பலகை ஒன்றை நட்டார்கள். அனுமதியின்றி யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது. எனக்கு அன்று முதல் ஷிப்ட். சாயங்காலம் அண்ணாத்தே வீட்டுக்கு வந்து சொல்லித்தான் தெரியும்.